மலையகம் வேண்டும் மூன்றாம் கண்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்தவர் நாம். இன்று மூன்றாம் கண்ணும் ஒன்று வேண்டியிருக்கிறது. கணினியையோ திறன்பேசியையோ பிறர் துணையின்றித் தானே கையாளும் அறிவே அது. 'டிஜிட்டல் எழுத்தறிவு' என்பது அதன் பெயர்.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2021ஆம் ஆண்டின் முற்பாதியில் எடுத்த கணக்கின்படி, இலங்கையில் 5 முதல் 69 வயது வரையுள்ளோருள் 57.2 சதவீதத்தினர் இவ்வறிவு பெற்றவர். நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்றனுள் தோட்டமே கடைசியில் நிற்கிறது.

ஹல்துமுல்லை மலைச்சரிவுகளில் வாழும் தோட்டக் குடும்பங்களுக்கு இதனால் வரும் கேடு யாது? பழைய வரலாறொன்று இதற்கு விடை கூறும். நம் பாட்டன்மார் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்லத் 'துண்டு' வேண்டும். கடன் தீர்ந்தால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு அது. எழுத்தறியாத தொழிலாளிக்குக் கங்காணி சொன்னதே கணக்கு. 1921ல் சட்டம் அம்முறையை ஒழித்தது.

இன்று தாளின் இடத்தில் திரை வந்துள்ளது. 2023ல் கொடுப்பனவு தொடங்கிய 'அஸ்வெசும' நலன்புரித் திட்டத்தில் மேன்முறையீடுகள் இணையவழியாகவும் பெறப்பட்டன. பிறர் உதவியை நாடுவதில் இழிவில்லை. ஆயின், அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கியின் இரகசிய இலக்கத்தையும் அயலார் கையில் ஒப்படைத்து, அவர் சொன்னதே கணக்கு என்றிருப்பது பழைய துண்டின் நிழலே அன்றோ? இடையில் ஒருவர் நின்று அளந்து தரும் செல்வம் எல்லோரையும் தழுவிய வளர்ச்சி ஆகாது.

நம் பிள்ளைகளிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடியிருந்த 2021ல், இதே பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவக் கிராமத்து மாணவர் அலைவரிசை தேடி, மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டுவழி நடந்து, பாறையேறிப் பாடம் படித்தனர். குறை வசதியிலேதான். மலைக்கு மலை அலைவரிசை எட்டச் செய்வதும், விண்ணப்பங்களைத் தெளிந்த தமிழில் தருவதும் அரசின் கடமை.

மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. தாயின் வங்கிக் கணக்கையும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கையும் நீங்களே பார்த்துச் சொல்லி நின்றுவிடாதீர்கள். அவ்வாறு செய்யின் வீட்டுக்குள் மற்றொரு கங்காணி தோன்றியவராவீர். தாயின் கையில் கருவியைக் கொடுத்து, அவரே பார்க்கப் பழக்குங்கள். கொழுந்து பறிக்கும் கை தன் கணக்கைத் தானே சரிபார்க்கும் நாளே மலையகத்தின் வளர்ச்சி தொடங்கும் நாள்.