நடுக்குவாதமும் மின்தூண்டல் பயிற்சியும்

கொச்சியிலே மட்டாஞ்சேரியை அடுத்துள்ள வெளி என்னும் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சலவைத் தொழிலாளரின் வழிவந்தோர் இன்றும் தம் தொழிலை நடத்தி வருகின்றனர். கல்லில் துணி துவைத்தும், கனத்த இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தும் உழைத்த முதியவர் ஒருவரின் கை நடுங்கத் தொடங்கினால், உடம்பில் வலுக் குன்றிவிட்டது என்றே வீட்டார் எண்ணுவர். வலுவேற்ற மின்சாரக் கருவி உண்டு என்று எவரேனும் சொன்னால், சேமித்த பணத்தையெல்லாம் அதற்கு ஈடாகக் கொடுக்கவும் துணிவர். அவ்வாறு கொடுக்கும் முன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை ஈண்டு ஆராய்வோம்.

நடுக்குவாதத்தைப் பற்றி லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1817-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் பெயராலேயே இந்நோய் இன்று வழங்குகிறது. ஓய்ந்திருக்கும் கை நடுங்குதல், அசைவுகள் மெதுவாதல், தசை விறைத்தல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். மூளையின் நடுப்பகுதியில் டோப்பமின் என்னும் பொருளைத் தரும் உயிரணுக்கள் சிறுகச் சிறுக அழிவதால் இவை தோன்றுகின்றன. ஆகவே, கோளாறு தொடங்கும் இடம் தசையன்று. தசைக்குக் கட்டளை பிறக்கும் மூளையேயாகும். டோப்பமினாக மாறக்கூடிய லெவோடோப்பா என்னும் மருந்தே இன்றளவும் சிகிச்சையின் அடிப்படை. நம் ஊர்ப் பூனைக்காலி விதையில் இப்பொருள் இருப்பதை 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்னும் அறிஞர்கள் பிரித்தெடுத்துக் காட்டினர். அதனால் விதைப்பொடியைத் தாமே வாங்கி உண்ணலாம் என்று கொள்ளலாகாது; அளவு தவறினால் தீங்கு நேரும்.

இனி, மின்தூண்டலுக்கு வருவோம். தோலின்மேல் ஒட்டிய பட்டைகளின் வழியே, வினாடிக்குச் சுமார் 20 முதல் 50 வரையான மெல்லிய மின் துடிப்புகளைச் செலுத்தினால், அவை தசைக்குச் செல்லும் நரம்பைத் தூண்டுகின்றன, தசை சுருங்குகிறது. பக்கவாதத்தால் பாதம் தொங்கியவர்கள் நடப்பதற்கு உதவியாக லிபர்ஸன் என்பாரும் அவருடைய துணைவர்களும் 1961-இல் இம்முறையைக் கையாண்டனர். பின்னர் இது நடுக்குவாத நோயாளரிடமும் சோதிக்கப்பட்டது. சிலருக்கு நடை ஓரளவு சீர்பட்டது. ஆயினும் அச்சோதனைகள் சிறியவை. அவற்றைக்கொண்டு உறுதி கூறுதல் இயலாது.

அசைவு குறைந்தவருடைய தொடைத் தசை மெலியும். நாற்காலியிலிருந்து எழுவதே அரிதாகும். அந்நிலையில் மின்தூண்டல் பயிற்சிக்குத் துணை நிற்கக்கூடும். மின்சாரம் பாயும்போது நோயாளி படுத்திராமல், தாமும் முயன்று எழுதல் வேண்டும். மின்சாரத்தால் மட்டுமே இயங்கும் தசை விரைவில் களைத்துவிடும். அழிந்த உயிரணுக்களை மீட்கவோ, மருந்துக்கு மாற்றாக அமையவோ எந்தத் தூண்டற் கருவியாலும் ஆகாது.

மட்டாஞ்சேரியின் குறுகிய சந்துகளிலும் வாயிற்படிகளிலும் கால் திடீரென்று தரையோடு ஒட்டியதுபோல் நின்றுவிடுவது இந்நோயின் மற்றொரு தொல்லை. அப்போது கையைப் பிடித்து இழுத்தல் கூடாது. ஒன்று, இரண்டு என்று தாளம் சொல்வதும், தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதைத் தாண்டச் செய்வதும் பலருக்குப் பயன் தருகின்றன. இவற்றுக்குச் செலவே இல்லை.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர், மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை செய்துகொண்டவர், வலிப்பு நோயர், காலில் இரத்தம் உறைந்தவர், தோலில் உணர்ச்சியற்றவர் ஆகியோர் டாக்டரின் அனுமதியின்றி இக்கருவியைத் தொடலாகாது. ஏனையோரும் பிஸியோதெரபி வல்லுநரிடம் பழகிய பின்னரே வீட்டில் பயன்படுத்த வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் ஒரு தடையாதல் உண்டு. மருந்து உண்ட நேரம், உடல் இலகுவாக இயங்கிய நேரம், விறைத்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, மலையாளம் அறிந்த பிள்ளைகளைக்கொண்டு எழுதுவித்து, டாக்டரிடம் காட்டுதல் நன்று. மருந்து நன்கு வேலை செய்யும் வேளையே பயிற்சிக்கும் ஏற்றது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இத்தகைய நோய்களுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. கருவி வாங்குவதற்கு வைத்த பணத்தில் ஒரு பகுதி அங்குச் சென்று வருவதற்கு ஆகட்டும். பின்னர் வீட்டிலே, சொன்ன அளவில் நாள்தோறும் பயிற்சி செய்கையில், முதியவர் விழாதபடி அருகில் நிற்க ஒருவர் இருக்கட்டும்.