வறண்ட நிலமும் மார்மன் மக்களும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையேயுள்ள கரிசற் காட்டில் வளர்ந்தவர்களுக்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஐப்பசி மழை கண்மாயில் நின்றால் சோறு, நில்லாவிடில் கடன். அமெரிக்காவின் மார்மன் சமயத்தாரைப் புறத்தே நின்று நோக்கும் எனக்கு, அவர்களை அறிந்துகொள்ள ஏற்ற வாயில் இந்த நீரே என்று தோன்றுகிறது.

1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்னும் இளைஞர் தோற்றுவித்த சபை இது. தேவதூதன் காட்டிய பொன்னேடுகளிலிருந்து பெயர்த்ததாக அவர் வெளியிட்ட மார்மன் நூல், விவிலியத்தோடு அவர்களுக்கு மறைநூலாயிற்று. அதனை ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. அயலாரின் பகையால் ஊர் ஊராக அவர்கள் துரத்தப்பட்டனர்; 1844-இல் ஸ்மித் சிறையிலேயே கும்பலால் கொல்லப்பட்டார். பின்னர்ப் பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் மேற்கு நோக்கி நடந்து, 1847 ஜூலையில் பேருப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அது ஆளற்ற நிலமன்று. பழங்குடி மக்கள் வாழ்ந்த நிலம்.

அங்கே ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழை. நம் மாவட்டத்து மழையில் ஏறத்தாழப் பாதி. கலப்பை ஒடியும்படி மண் இறுகிக் கிடந்தது. மலையோடையைத் திருப்பி நிலத்தை நனைத்த பின்னரே உழுதனர். ஓடை நீர் தனியொருவர் உடைமையன்று என்று பிரிகாம் யங் விதித்தார். கூடி வாய்க்கால் வெட்டினர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். பங்கிட்டுக் கொடுக்க ஒருவரை அமர்த்தினர். நம் கண்மாய் மடையில் நீர்பாய்ச்சி செய்யும் வேலைதான் அது. சமயம் அவர்களை ஒன்று சேர்த்தது. சேர்ந்தவர்களைப் பிரியவிடாமல் காத்ததில் வாய்க்காலுக்கும் பங்குண்டு என்பேன்.

வருவாயில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்கு அளிப்பது அவர்கள் கடமை. மாதத்தின் முதல் ஞாயிறன்று இருவேளை உண்ணாதிருந்து, அவ்வுணவின் விலையை ஏழைகளுக்கு ஈவர். ஊர்ச்சபையை நடத்துபவர் ஊதியம் பெறும் குரு அல்லர். பகலில் தம் தொழிலைப் பார்க்கும் கணக்கரோ வணிகரோ ஆவார். இதைக் கேட்கும்போது, அருப்புக்கோட்டையிலும் பாலையம்பட்டியிலும் நாடார் உறவின்முறையினர் திரட்டிய மகமை நினைவுக்கு வருகிறது. வணிகச் சரக்கின்மேல் சிறுசிறு தொகையாகச் சேர்ந்த அந்தப் பொதுநிதி, கோயிலாயிற்று, கிணறாயிற்று, பள்ளியுமாயிற்று. ஆயினும் மகமை சரக்கை எண்ணி வாங்குவது. மார்மன் தன் பங்கு முழுமைதானா என்பதை ஆண்டிறுதியில் தானே கூறவேண்டும்.

மது, புகையிலை, காப்பி, தேநீர் நான்கும் அவர்களுக்கு விலக்கு. தேநீர்க்கடையற்ற அருப்புக்கோட்டையை நினைத்துப் பாருங்கள்! பலதார மணமும் ஒருகாலத்தில் அவர்களிடம் இருந்தது. அரசின் கடும் நெருக்கடிக்குப்பின் 1890-இல் சபை அதனைக் கைவிடுவதாக அறிவித்தது. இறந்த முன்னோர்க்காகவும் ஞானஸ்நானம் பெறும் வழக்கம் உண்டு. அதற்காக உலகெங்கும் வமிசாவளிகளைத் திரட்டி, மலையைக் குடைந்த பாதுகாப்பறையில் வைத்திருக்கின்றனர். மூன்று தலைமுறைப் பெயர் சொல்லித் தருப்பணம் செய்யும் நம்மவர்க்கு இவ்வாவல் விளங்காததன்று.

விளங்கிக்கொள்ளக் கடினமானது வேறொன்று. துரத்தப்பட்டவர்களின் சபையே, கறுப்பின மக்களுக்குக் குருத்துவத்தையும் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளையும் நூறாண்டுக்கு மேல் மறுத்தது. 1978-இல்தான் அத்தடை நீங்கியது. நம் பக்கத்துக் கமுதியில் 1897-இல் நாடார்கள் கோயிலுக்குள் சென்று வழிபட்டதால் எழுந்த வழக்கு, 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939-இல். அங்கே ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு எவரும் செல்லலாம். அர்ப்பணிக்கப்பட்ட ஆலயத்தினுள் செல்லவோ, இன்றும் சபையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பத்தில் ஒரு பங்கைச் செலுத்தாதவர்க்கு அது கிடைப்பதில்லை.