பிள்ளைக்கு ஒரு செம்மறி

லயத்துப் பிள்ளை ஆடு கேட்டு அழுதால் பெற்றோர் தேடுவது துள்ளும் கடாக்குட்டியை. அங்கேதான் நாம் தடை சொல்லவேண்டியிருக்கிறது. புட்டிப்பாலில் வளர்ந்த கடாவுக்கு மனிதரிடம் அச்சம் விட்டுப்போகும். வளர்ந்ததும் பிள்ளையைத் தன் இனமாக எண்ணி முட்டும். பெண்குட்டியோ காயடித்த கடாவோ போதும். அதுவும் சோடியாக வேண்டும். தனிச் செம்மறி ஏங்கிக் கத்தும்.

இனம் என்றால், யாழ்ப்பாணத்துச் செம்மறி சிறியது, பிள்ளையின் கைக்கு அடங்கும். ஆனால் அது வறண்ட மண்ணின் பிராணி. நுவரெலியா, ஹட்டன் ஈரத்தில் குளம்பு அழுகும், குடற்புழு பெருகும். தரைக்கு மேலே இடைவெளி விட்ட பலகைப் பரணும் ஒழுகாத கூரையும் இல்லாமல் வாங்கவேண்டாம். (குளிருக்குப் பழகிய, பெரும்பாலும் கொம்பில்லாத நீலகிரிச் செம்மறி நமக்குப் பொருந்தியிருக்கும், அது கடலுக்கு அப்பால்.)

மழைக்காலத்தில் கொப்புள நோய்க்குத் தேயிலைக்குச் செம்பு மருந்து அடிப்பார்கள். வெள்ளாடு ஓரளவு தாங்கும் செம்பு, செம்மறியின் ஈரலில் சேர்ந்து ஒருநாள் திடீரெனக் கொல்லும். ஆகவே மருந்தடித்த மலைப் புல்லை அறுத்துப் போடக்கூடாது. மருந்து படாத இடத்துப் புல் நல்லது.

விற்கப்போகும் ஆடென்றால், பெயர் வைக்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.