தடை செய்யப்பட்ட ஓர் ஆட்டத்தின் கதை



படக்கதைகளில் இப்படி ஒரு கதை வரும். ஒரு ராஜா தன் நாட்டில் யாரும் ஆடக் கூடாது என்று உத்தரவு போடுவான். ஆடத் தெரிந்த ஒரு பெண் இருப்பாள். அவளை விரும்பும் இளவரசன் வருவான். கடைசியில் மந்திரச் சலங்கை ஒலிக்கும், தடை உடையும், சுபம்! இதெல்லாம் கற்பனைதானே என்று நினைப்போம். ஆனால் நம் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆட்டத்துக்குத் தடை வந்தது. அதன் பெயர் சதிர். இன்று நாம் பரதநாட்டியம் என்று சொல்கிறோமே, அது சதிரிலிருந்து வந்ததுதான்.

சதிர் என்றால் என்ன?

கோவில்களிலும் அரண்மனைகளிலும் பெண்கள் ஆடிய ஆட்டம் இது. தஞ்சைப் பெரிய கோவிலில் ஆடுவதற்காக ராஜராஜ சோழன் பல ஊர்களிலிருந்து 400 பெண்களை வரவழைத்துக் குடி வைத்தார். அவர்களின் பெயர்கள் இன்றும் கல்வெட்டில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். 1000 வருஷத்துக்கு முன்னால் பெண்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்றால் எவ்வளவு மதிப்பு பாருங்கள்!

பின்னாளில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் இந்த ஆட்டத்தை அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும்படி வரிசைப்படுத்தினார்கள். நடுவில் வருவது பதம். அது காதல் பாட்டு. முருகனையோ கண்ணனையோ நினைத்துத் தலைவி ஏங்குவதை முகத்திலும் கையிலும் காட்டி ஆடுவார்கள்.

அப்புறம் ஏன் தடை?

காரணம் பொட்டுக் கட்டுதல். சின்ன வயதிலேயே ஒரு பெண் பிள்ளையைச் சாமிக்கு என்று நேர்ந்து விடுவார்கள். பிறகு அவள் எல்லாரையும் போலக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. ராஜாக்கள் காலம் போய், கோவில் வருமானமும் குறைந்தபோது பணக்காரர்களை அண்டி வாழும் நிலை பலருக்கு வந்தது. உனக்கு இது பிடிச்சிருக்கானு அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. நம் வயதுதான் இருக்கும், அதற்கும் குறைவாகவும் இருக்கும்.

இதை எதிர்த்தவர்களில் இரண்டு பேரை நாம் மறக்கவே கூடாது. ஒருவர் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய அம்மாவே அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். 1930-ல் சென்னை சட்டசபையில் பொட்டுக் கட்டுவதைத் தடுக்க மசோதா கொண்டு வந்தார். இன்னொருவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 1936-ல் இதைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார். கடைசியாக 1947-ல் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டுவது குற்றம் ஆனது. அதே சட்டத்தில் கோவிலுக்குள்ளும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதும் தடை செய்யப்பட்டது.

ஆட்டம் என்ன ஆனது?

சட்டம் வருவதற்கு முன்பிருந்தே சதிர் என்றால் கேவலம் என்ற பேச்சு பரவிவிட்டது. பரம்பரையாக ஆடிய வீடுகளில் பலர் தங்கள் பெண்களுக்குச் சொல்லித் தருவதையே நிறுத்திவிட்டார்கள். ஈ. கிருஷ்ணய்யர் என்ற வக்கீல், இந்தக் கலை அழியக் கூடாது என்று தானே பெண் வேஷம் போட்டு மேடைகளில் ஆடிக் காட்டினார். ருக்மிணி தேவி அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர்களிடமே கற்றுக்கொண்டு 1935-ல் அடையாறில் ஆடினார், 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். 1930-களில் சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. பெரிய குடும்பத்துப் பெண்கள் ஆட வந்தார்கள், கைதட்டல் கிடைத்தது. பரம்பரையாக ஆடியவர்களில் மேடை கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதில் ஒருவர் பாலசரஸ்வதி. 7 வயதில், 1925-ல், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். ருக்மிணி தேவி காதல் பதங்களைக் குறைத்து பக்திக்கு முதலிடம் கொடுத்தார். பாலசரஸ்வதியோ, காதல் பாவத்தில் அசிங்கம் எதுவும் இல்லை, இந்த ஆட்டத்தின் உயிரே அதுதான் என்றார். பல நாடுகளில் ஆடினார். 1977-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

என் கருத்து

பொட்டுக் கட்டுவதைத் தடுத்த சட்டம் ரொம்ப நல்ல சட்டம். அது இல்லாவிட்டால் எத்தனை பிள்ளைகள் படிக்காமலே போயிருப்பார்கள்! ஆனால் தப்பு அந்தப் பழக்கத்தில்தான் இருந்தது, ஆட்டத்தில் இல்லை. இரண்டையும் சேர்த்துத் திட்டியதால், ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்களுக்கே அது இல்லாமல் போனது.

இது பழைய கதை மட்டும் இல்லை. ஆண்டு விழா நடனத்துக்குப் பெயர் கேட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தலை குனிந்துகொள்கிறோம். ஆசை இல்லாமல் இல்லை. "வயசுக்கு வந்த பொண்ணு மேடையில ஆடலாமா? ஊரு என்ன பேசும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். 100 வருஷத்துக்கு முன்னால் கட்டாயப்படுத்தி ஆட வைத்தார்கள். இப்போது ஆசைப்பட்டாலும் வேண்டாம் என்கிறார்கள். இரண்டிலும் அந்தப் பெண்ணைக் கேட்பதே இல்லை.

தோழிகளே, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் அக்காக்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. அது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம் என்பது உங்களுக்குத் தெரியுமா? பெண்களுக்காகப் போராடியவர் அவர். படிப்போம். ஆடப் பிடித்தவர்கள் ஆடுவோம். வீட்டில் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆசிரியர்களும் எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி