மூக்கில் குடியிருக்கும் கட்டி

பங்குனி பிறந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்புகளில் ஒரு குரல் தவறாமல் கேட்கும்: "அண்ணே, கட்டிக்கு ஒரு மாத்திரை குடுங்க." யாருக்கு, எந்த இடத்தில், எத்தனையாவது தடவை என்ற விசாரணையெல்லாம் கிடையாது. அட்டையிலிருந்து நாலு மாத்திரை கத்தரித்துக் கொடுப்பார்கள். இரண்டிலேயே வலி அடங்கிவிடும். மீதி இரண்டு ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும். அடுத்த மாதம் வேறு இடத்தில் இன்னொரு கட்டி. பழி மாம்பழத்தின் மேல் விழும்.

மாம்பழம் பாவம். கட்டியைக் கிளப்புவது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அறுவை மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880-இல் சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, குலைகுலையாகத் திரண்டிருந்த இந்தக் கிருமிகளை அடையாளம் காட்டினார். வெயிலுக்கும் இதில் பங்குண்டு. வியர்வையில் தோல் ஊறுகிறது, வேர்க்குரு அரிக்கிறது, நகத்தால் பிறாண்டுகிறோம். கிருமி முடியின் வேருக்குள் இறங்க அந்தக் கீறல் போதும். 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்று வேப்பங்கொழுந்து அரைத்துக் குடிப்பவர்கள் தேடுகிற எதிரி ரத்தத்தில் இல்லை. பல பேருக்கு மூக்கில் இருக்கிறது.

ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கிருமி மூக்கு துவாரத்தின் முன்பகுதியில் வாழ்கிறது. அவருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம். மூக்கைத் தொட்ட விரல் கழுத்துக்கும் தொடைக்கும் போகிறது. குளியலறைக் கதவின் பின்னால், ஆணியில் ஈரம் காயாமல் தொங்கும் ஒற்றைத் துண்டு அதை நாலு பேருக்குப் பங்கு வைக்கிறது. அப்பாவுக்குக் கட்டி ஆறும்போது பையனுக்குப் புறப்படுவது இப்படித்தான். சவர பிளேடு, சீப்பு, தலையணை உறை எல்லாம் இதே கணக்குதான்.

வந்த கட்டிக்கு வைத்தியம் எளிது. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால் 10 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை ஒத்தடம் கொடுத்தால் சின்னக் கட்டி தானே பழுத்து உடையும். உடைந்த இடத்தைத் துணி வைத்து மூடி, கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சுண்ணாம்பும் எருக்கம்பாலும் தோலைப் புண்ணாக்கத்தான் செய்யும். பெரிய கட்டிக்கு டாக்டர் கீறிச் சீழை எடுப்பதுதான் மருந்து. மாத்திரை அதற்குத் துணை. மூக்கிலும் மேல் உதட்டிலும் வந்ததை நசுக்கவே கூடாது. அங்குள்ள ரத்தக்குழாய்களுக்கு மூளைப் பக்கம் தொடர்பு உண்டு. காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு, பல கண் வைத்த ராஜபிளவை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி; சர்க்கரை நோயாளி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் கதை வேறு. முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். கட்டி வந்த பிறகுதான் தனக்குச் சர்க்கரை என்று தெரிந்துகொண்டவர்கள் நிறைய. அடுத்தது சீழ் கல்ச்சர். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பது அதில் தெரியும். பிறகு, டாக்டர் சொன்னால், முப்பிரோசின் களிம்பைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு இரண்டு மூக்குத் துவாரத்திலும் காலை மாலை 5 நாள் தடவுவது. அதே நாட்களில் குளோர்ஹெக்சிடின் திரவம் தேய்த்துக் குளிப்பது (கண்ணிலும் காதிலும் படக்கூடாது). துண்டும் தலையணை உறையும் தினம் மாற்றி, வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும்.

இதை நோயாளி மட்டும் செய்தால் போதாது என்பதுதான் நம் வீடுகளில் ஏறாத சேதி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் குழந்தைகளிடம் நடந்து, 2012-இல் வெளியான ஆய்வில், பிள்ளைக்கு மட்டும் கிருமிநீக்கம் செய்த வீடுகளில் 72 சதவீதப் பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள் மறுபடி தோல் தொற்று வந்தது. குடும்பமே சேர்ந்து செய்த வீடுகளில் 52 சதவீதம். 52-உம் கொஞ்சமில்லைதான். ஆனால் செலவு ஒரு களிம்பும் ஆளுக்கொரு துண்டும்.

இத்தனையும் செய்தும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து, தழும்பும் புரையும் விட்டுப்போனால் அது வேறு நோயாக இருக்கலாம்: ஹைட்ராடெனைட்டிஸ் சப்புரட்டைவா. கார்ல் மார்க்ஸை ஆண்டுக்கணக்கில் வதைத்த கட்டிகள் இதுதான் என்று 2007-இல் சாம் ஷஸ்டர் என்ற தோல் மருத்துவ நிபுணர் வாதிட்டார். மூலதனத்தின் முதல் பாகத்தை மார்க்ஸ் எழுதியது இந்த வேதனையோடுதான். ஒரு கட்டியைத் தானே சவரக்கத்தியால் கீறிக்கொண்டதாக நண்பர் எங்கெல்ஸுக்குக் கடிதமே போட்டார். அவர் ஓயாமல் சுருட்டுப் பிடிப்பவர். இந்த நோய்க்கும் புகைக்கும் நெருக்கம் அதிகம். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. அழுக்கால் வருவதும் இல்லை. அக்குளில் வருவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பத்து வருஷம் கடைக்காரரிடமே மாத்திரை வாங்குகிறவர்கள், ஒருமுறை சட்டையைக் கழற்றித் தோல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. இன்று இதற்கு மார்க்ஸுக்குக் கிடைக்காத மருந்துகள் இருக்கின்றன.