லாரிக்கு இன்டர்கூலர்: பெருசா, சரியானதா?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

தேவாலாவில் இருந்து ஒரு லாரி ஓனர் கேட்டிருந்தார்: "அண்ணே, இன்டர்கூலர்ல ஓட்டை விழுந்துடுச்சு. மாத்துறதுதான் மாத்துறோம், இன்னும் தடிமனா ஒண்ணு போட்டா ஏத்தத்துல நல்லா இழுக்குமா?"

ஒரே வரியில் பதில் சொல்லணும்னா, பெருசா ஒண்ணும் கூடாது, ரேடியேட்டர் கொதிக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏன்னு கணக்கு போட்டே பார்ப்போம்.

சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்போட அடிப்பக்கம் சுடும் இல்லையா? டர்போவிலும் அதேதான். காத்தை அமுக்கினா சூடாகும். சூடான காத்து விரியும், அதனால் சிலிண்டருக்குள்ள போற காத்தோட எடை குறையும். டீசல் முழுசா எரிய எடைதான் முக்கியம். அந்தச் சூட்டை இறக்குறதுதான் இன்டர்கூலரோட வேலை. லாரி பேரோட வர்ற டிசிஐசி-யில் கடைசி ரெண்டு எழுத்து அதைத்தான் குறிக்குது.

உதாரணத்துக்கு டாடா லாரிகள்ல ஓடின கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினை எடுத்துக்குவோம். ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை எல்லா சிலிண்டரும் நிரம்பும். 2,500 ஆர்பிஎம்ல, 90 சதவீதம் நிரம்புதுன்னு வெச்சா, நிமிஷத்துக்கு சுமார் 6,600 லிட்டர் காத்து. தேவாலா சுமார் 1,000 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காத்தோட அழுத்தம் ஏறக்குறைய 0.9 பார். டர்போ அதுக்கு மேல 1 பார் பூஸ்ட் கொடுத்தா, மொத்தம் 1.9 பார்.

வெளியே 30 டிகிரி, டர்போவோட திறன் 70 சதவீதம்னா, டர்போவை விட்டு வர்ற காத்து சுமார் 130 டிகிரி இருக்கும். 70 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலர் அதை 60 டிகிரிக்குக் கொண்டு வரும். காத்தோட எடை சுமார் 20 சதவீதம் கூடும். இது பெரிய லாபம்.

சரி, தடிமனான கோர் போட்டு 80 சதவீதம் ஆக்குறோம். காத்து 50 டிகிரிக்கு வரும். கூடுதலா கிடைக்கிறது வெறும் 3 சதவீதம்தான்! தடிமனான கோர்ல காத்து போக இன்னொரு 0.06 பார் அழுத்தம் விரயமானா, அந்த 3 சதவீதமும் போச்சு.

இன்னொரு பக்கம் சூடு. நம்ம கணக்குப்படி இன்டர்கூலர் வெளியே தள்ளுற வெப்பம் சுமார் 15 கிலோவாட். அது எங்கே போகுது? நேரா பின்னாடி இருக்கிற ரேடியேட்டர் மேலதான். ஹைவேயில் எதிர்க்காத்து அடிச்சுக் கொண்டு போயிடும். வழிக்கடவில் இருந்து நாடுகாணிக்கு லோடோட ஏறும்போது? வேகம் 15 கிலோமீட்டர், எஞ்சின் முழு ஆர்பிஎம்ல கத்திக்கிட்டிருக்கும். அங்கே ஃபேன் இழுக்கிற காத்து மட்டும்தான். தடிமனான கோர் அந்தக் காத்தையும் தடுக்கும். நானும் ஒரு தடவை ஆசைப்பட்டு அப்படி ஒண்ணு போட்டேன். அந்த ஏத்தத்துல பாதியிலேயே முள் சிவப்புக்குப் போயிடுச்சு. பழைய அளவையே திரும்ப வாங்கிப் போட்டேன். ரெண்டு தடவை செலவு.

அதனால மலை வண்டிக்கு இன்டர்கூலரை ஹைவே வேகத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஏத்தத்தை வெச்சு முடிவு பண்ணுங்க. இடம் இருந்தா கோரோட முகப்பு அகலம், உயரம் கூடட்டும், தடிமன் கூட வேண்டாம். தடிமனை ரெண்டு மடங்கு ஆக்கினா குளிர்ச்சி ரெண்டு மடங்கு ஆகாது, ஏன்னா பின்பாதிக்குப் போறது ஏற்கெனவே சூடான காத்து. முழு லோடில் உள்ளே போற இடத்துக்கும் வெளியே வர்ற இடத்துக்கும் அழுத்த வித்தியாசம் 0.1 பாரை ஒட்டியே இருக்கணும். ஃபேனைச் சுத்தி இருக்கிற கூண்டு உடைஞ்சிருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

மாத்துறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. ஏத்தத்துல கரும்புகை வந்து இழுவை குறைஞ்சா, பாதி நேரம் குத்தம் ஹோஸ்ல, கிளாம்ப்லதான் இருக்கும். ரெண்டு வாயையும் நல்லா இறுக்கி அடைச்சு, பூஸ்ட் அளவுக்கு, அதாவது 1 பார் காத்து விட்டு, சோப்புத்தண்ணி தெளிச்சுப் பாருங்க. அதுக்கு மேல ஏத்தாதீங்க, அடைப்பு தெறிச்சு மூஞ்சியில் அடிக்கும். மழைக்காலச் சேறு துடுப்புகளை அடைச்சிருந்தா மெதுவான தண்ணியில் கழுவுங்க, பிரஷர் வாஷர் துடுப்பை மடக்கிடும். டர்போ உடைஞ்ச வண்டின்னா உள்ளே எண்ணெயும் உலோகத் துணுக்கும் கிடக்கும். கழுவாம பூட்டினா எண்ணெயை இழுத்து எஞ்சின் கட்டுப்பாடில்லாம ஓடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிக்கு கம்பெனி சொன்ன அளவைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அதுல சென்சாரும் கம்ப்யூட்டரும் அந்த அளவுக்குத்தான் டியூன் பண்ணியிருக்காங்க.

தேவாலா நண்பரே, அதே அளவில் நல்ல கோர் வாங்குங்க. மிச்சக் காசுக்கு புது ஹோஸும் கிளாம்பும் போடுங்க. ஏத்தத்துல அதுதான் இழுக்கும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.