வேப்பங்குச்சியா, பேஸ்ட்டா?

சித்த வைத்தியன் என்று தெரிந்தாலே பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பேஸ்ட்டைத் திட்டித் தீர்ப்பேன் என்று எதிர்பார்ப்பார்கள். இல்லீங்க, இரண்டுக்கும் சண்டையே கிடையாது!

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போன கதை நம் விருதுநகர் மாவட்டத்தில் தெரியாதவர் யார்? அது 1920-களில். அதே கல்கத்தாவில் 1916-லேயே இன்னொரு சுதேசித் தொழில் பிறந்திருந்தது. அமெரிக்காவில் ரசாயனம் படித்துத் திரும்பிய ககேந்திர சந்திர தாஸ், நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா கெமிக்கல் கம்பெனியைத் தொடங்கினார். மார்கோ சோப்பும் நீம் டூத்பேஸ்ட்டும் அந்தக் கம்பெனி தந்தவைதான். நம் பாட்டன் மென்று துப்பிய வேம்பு, பேஸ்ட்டாகிக் கடைக்கு வந்தது இப்படித்தான்.

வேம்பின் கசப்பு, வாயில் கிருமிகள் பெருகுவதைக் கட்டுப்படுத்தும். கருவேலம்பட்டையின் துவர்ப்பு ஈறுக்கு நல்லது. ஆனால் சொத்தையைத் தடுக்க இவை மட்டும் போதாது. பல்லில் ஒட்டியிருக்கும் இனிப்பைத் தின்று கிருமிகள் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும். கரைந்த இடத்தில் சத்து மறுபடி படிய உதவுவது ஃப்ளோரைடு. ஆகவே 'மூலிகை' என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீங்க. அட்டையில் ஃப்ளோரைடு என்று போட்டிருக்கிறதா, அதையும் பாருங்க. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும்.

சரி, ஐஸ் தண்ணீர் பட்டால் பல் சுரீர் என்கிறதா? கூச்சத்துக்கான பல பேஸ்ட்டுகளில் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும். வேறொன்றுமில்லை, சிவகாசிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வெடியுப்புதான்! பேஸ்ட்டில் நூற்றுக்கு 5 பங்கு அளவில் சேர்க்கிறார்கள். பல்லின் நுண்துளைகள் வழியே போய், நரம்பின் துடிப்பை அது அடக்குகிறது. ஒரே நாளில் கேட்காது. 2 முதல் 4 வாரம் விடாமல் தேய்க்க வேண்டும்.

அதற்காகப் பட்டாசு ஆலை உப்பை எடுத்துப் பல்லில் வைத்துவிடாதீங்க! அது உடம்புக்கென்று சுத்தம் செய்ததல்ல. சுத்தியும் அளவும் இருந்தால்தான் எந்தச் சரக்கும் மருந்து. சித்த மருத்துவத்தில் முதல் பாடமே அதுதானே?

செங்கல் பொடி, கரித்தூள், உப்பு போட்டு அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. பல் அப்போதைக்குப் பளிச்சிடும்; போகப் போக எனாமல் தேய்ந்து கூச்சம்தான் மிஞ்சும். புகையிலை கலந்த பல்பொடிக்கு 1992-லேயே அரசு தடை போட்டாயிற்று. புகையிலை எந்த உருவில் வந்தாலும் வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீங்க.

காலையில் வேப்பங்குச்சி வேண்டுமா? தாராளமாக. பச்சைக் குச்சியின் நுனியை மென்று, பஞ்சுபோல் ஆன பிறகு மெதுவாகத் தேய்க்கலாம். ஆனால் ராத்திரி படுக்கும் முன் ஃப்ளோரைடு பேஸ்ட்டும் மெத்தென்ற பிரஷ்ஷுமாக 2 நிமிடம் தேய்ப்பது கட்டாயம். ஒரே பல்லில் விடாமல் வலித்தாலோ, ஈறில் ரத்தம் கசிவது நிற்காவிட்டாலோ, கிராம்பை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் பல் டாக்டரைப் பாருங்க.